சிகரெட்டை விட்டவரின் தொப்பையைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு

பிரிவுபசார விழாவில், சிகரெட்டை விட்ட நம் நண்பருக்கு நடந்ததைப் பெரும்பாலானோர் அந்தக் காணொளியில் பார்த்திருப்பீர்கள். மைக்கைப் பிடித்தவர் பெயரையும் எழுதப்போவதில்லை, பக்கத்தில் முகம் சுண்டி நின்றவர் பெயரையும் எழுதப்போவதில்லை. "சிகரெட்டை விட்டு என்னத்தக் கண்ட? தொப்பைதான் வந்திருக்கு!" என்றதும் மொத்தக் கூட்டமும் சிரித்தது. இரண்டு நாளாக எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

சொல்ல வருவது ஒன்றுதான். புகையை விட்டவரின் உடம்பைக் கேலி செய்யாதீர்கள். அவர் எடை கூடுவதும் இருமுவதும் எரிந்து விழுவதும் விட்டதால் வந்த கேடு இல்லை. இத்தனை வருடம் நிகோடினுக்குப் பழகிக் கிடந்த உடம்பு அது இல்லாமல் இயங்கக் கற்றுக்கொள்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் போகிற போக்கில் விடும் ஒரு வார்த்தை அவரைத் திரும்பவும் சிகரெட்டைத் தொட வைத்துவிடும்.

எடை ஏன் கூடுகிறது என்று தெரிந்துகொண்டாவது சிரியுங்கள். நிகோடின் பசியை அடக்கி வைக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியையும் கொஞ்சம் கூட்டி வைக்கும். அது நின்றதும் பசி திரும்புகிறது, செலவு குறைகிறது, மரத்துக் கிடந்த நாக்குக்கும் மூக்குக்கும் உயிர் வருகிறது. எடை கூடாமல் என்ன செய்யும்? மருந்து உதவி இல்லாமல் விட்டவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஒரு வருடத்தில் சராசரியாக 4 முதல் 5 கிலோ கூடுகிறது. அதில் பெரும்பகுதி முதல் 3 மாதத்திலேயே ஏறிவிடுகிறது. சிலருக்கு எடை குறைந்தும் இருக்கிறது.

"எடை கூடினாலும் ஆபத்துதானே?" என்று கேட்பீர்கள். சரி, நியாயமான கேள்விதான். சர்க்கரை இருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஆனால் விட்ட பிறகு எடை கூடியவர்களுக்கும், தொடர்ந்து புகைப்பவர்களைவிட மாரடைப்பு ஆபத்து குறைவு என்றுதான் நீண்டகால ஆய்வுகள் சொல்கின்றன. பிரிட்டனில் 1951இல் தொடங்கி, மருத்துவர்களையே 50 வருடம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு உண்டு. கடைசிவரை புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாக 10 வருடம் முன்பே இறந்துபோனார்கள். 50 வயதில் விட்டவர்களுக்கு அதில் சுமார் 6 வருடமும், 40 வயதில் விட்டவர்களுக்குச் சுமார் 9 வருடமும் திரும்பக் கிடைத்தன. நம் நண்பர் நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறவர். அவர் எத்தனை வருடத்தை மீட்டிருக்கிறார் என்று கணக்குப் போட அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. பெல்ட்டில் எத்தனை ஓட்டை தள்ளிப் போயிருக்கிறது என்பது மட்டும் எல்லோர் கண்ணிலும் பட்டது.

நான் விட்ட காலத்தைச் சொல்கிறேன். முதல் வாரத்தில் ஒரு ராத்திரி. தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்திருந்தேன். நாக்கின் ஓரத்தில் புண், வாயெல்லாம் நமநம என்றிருந்தது. கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறது. அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்தே மறுபடியும் தொடுகிறது. மனைவி எழுந்து வந்து, "என்னங்க, வந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டாள். தண்ணீரைக் கொடுத்துவிட்டு, மகளுக்குக் கணக்குப் பாடம் எங்கே இடிக்கிறது என்று பேச ஆரம்பித்தாள். பேச்சு முடிவதற்குள் அந்தத் தவிப்பு அடங்கிவிட்டது. ஒவ்வொரு தவிப்பும் சில நிமிடம்தான் உச்சத்தில் நிற்கும். தண்ணீரோ நடையோ பேச்சோ, எதைக்கொண்டாவது அந்தச் சில நிமிடத்தைக் கடத்திவிட வேண்டும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் ரொம்பப் படுத்தும். அப்புறம் இரண்டு முதல் நான்கு வாரத்தில் மெல்லத் தணியும். அந்த ராத்திரி என் பக்கத்தில் மைக் பிடித்தவரைப் போல ஒருவர் உட்கார்ந்து சிரித்திருந்தால் நான் விட்டிருக்கவே மாட்டேன்.

இருமல் கதையும் அப்படித்தான். விட்ட பிறகு எனக்குச் சளி கூடியது, காலையில் கருப்பாக வந்தது. "சிகரெட் குடிக்கிறப்ப நல்லாத்தானே இருந்த" என்றார் ஓர் உறவினர். சுவாசக்குழாயில் அழுக்கை வெளியே தள்ளும் நுண்ணிய இழைகள் உண்டு. புகை அவற்றை முடக்கிப் போடும். விட்டதும் அவை மறுபடி வேலை செய்யத் தொடங்குவதால்தான் இருமலும் சளியும் என்று மருத்துவர் விளக்கிய பிறகே எனக்குப் பயம் தெளிந்தது. மலச்சிக்கலும் வரும், அதை யாரிடம் சொல்வது?

காபி விஷயத்தை யாரும் சொல்வதே இல்லை. வழக்கமாகக் குடிக்கும் அதே அளவுதான், ஆனால் நெஞ்சு படபடக்கும், ராத்திரி கொட்டக் கொட்ட விழித்திருப்போம். புகையில் இருக்கும் சில பொருட்கள், காபியில் இருக்கும் காஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை (என்சைமை) முடுக்கி வைத்திருக்கும். புகை நின்றதும் அந்த வேகம் போய்விடும், காஃபீன் ரத்தத்தில் அதிக நேரம் தங்கும். காபியைப் பாதியாகக் குறைத்த பிறகுதான் என் கை நடுக்கம் அடங்கியது. இதே காரணத்தால் சில மருந்துகளின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும். தினமும் மாத்திரை சாப்பிடுபவர்கள் புகையை விட்டதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

"விளையாட்டாகத்தானே சொன்னார்" என்பவர்களுக்கு: யாருக்கு விளையாட்டு? சிரித்தது நீங்கள், கூனிக் குறுகியது அவர். "ஆரம்பிக்கும்போதே யோசித்திருக்கணும்" என்பவர்களோடு பேச எனக்கு ஒன்றுமில்லை.

"நான் ஒரே நாளில் விட்டேன், எந்த நிகோடின் சூயிங்கமும் தேவைப்படவில்லை, மன உறுதி போதும்" என்று சொல்பவர்களே, மெய்யாகவே வாழ்த்துகள். ஆனால் எந்த உதவியும் இல்லாமல் முயல்பவர்களில் 100க்கு 3 முதல் 5 பேர்தான் ஆறு மாதம், ஒரு வருடம் என்று தாக்குப்பிடிக்கிறார்கள். மிச்சம் 95 பேரும் கோழைகளா? நிகோடின் சூயிங்கமும் ஒட்டும் பட்டையும் 2009 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. புகையை விட உதவும் மாத்திரைகளான புப்ரோபியானும் வரெனிக்லினும் 2021இல் சேர்ந்தன. மருந்து எடுப்பவரைப் பார்த்து "இன்னும் அடிமைதானே" என்று கேட்க உங்களுக்கு எப்படி வாய் வருகிறது?

எனக்கு உண்மையில் வலிப்பது வேறு. அவர் புகைத்துக்கொண்டிருந்த காலம் முழுக்க இந்தக் கூட்டத்தில் ஒருவரும் அவர் உடம்பைப் பற்றிப் பேசியதில்லை. மாடிப்படி ஏறி மூச்சு வாங்கியபோது யாரும் மைக்கைப் பிடிக்கவில்லை. "வாங்க, ஒரு தம் போட்டுட்டு வரலாம்" என்று தினமும் கூப்பிட்டவர்கள்தான் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தார்கள். விட்ட பிறகு அவரை எதற்கும் கூப்பிடுவதில்லை. என்னையும் அப்படித்தான் கழற்றிவிட்டார்கள். சிகரெட்டோடு அந்தப் பேச்சும் தோழமையும் போய்விட்டன. சிகரெட் இல்லாத ஏக்கம் சில மாதத்தில் ஆறியது. இது ஆறவில்லை.

இப்போது விட்டுவிட்டுத் தவித்துக்கொண்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். நிகோடின் சூயிங்கம் வாங்கியிருந்தால், மென்று காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். விடாமல் மென்றால் விக்கல்தான் வரும். காபி குடித்த கையோடு போடாதீர்கள், நிகோடின் சரியாக ஏறாது. ராத்திரி இரண்டு மணிக்குத் தவிப்பு வந்தாலும் போன் பண்ணலாம், எடுப்பேன்.