பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் கார் வாங்கினேன்

போன மாதம் புதுக் கார் எடுத்தோம். படத்தைப் போட்டதிலிருந்து இன்பாக்ஸில் கேள்விகள். என்ன மைலேஜ், ஆன்ரோடு எவ்வளவு, வெயிட்டிங் எத்தனை வாரம். பாதுகாப்பைப் பற்றிக் கேட்ட ஏழெட்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "ஆறு ஏர்பேக் இருக்கா?"

இருக்கிறது. ஆனால் நான் அதைப் பார்த்து இந்தக் காரை எடுக்கவில்லை. ஏன் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்ய முடியவில்லை. அதனால் இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் திருச்சியிலிருந்து மதுரைக்கு ஒரு வளைகாப்புக்குப் போனோம். அப்போது வைத்திருந்தது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2013 மாடல் சின்னக் கார். ஏர்பேக் கிடையாது, பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கிடையாது. 2019-க்கு முன்னால் வந்த கார்களில், அதுவும் விலை குறைந்த அடி வேரியன்ட்டில், இதெல்லாம் இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. முன்னால் நானும் மாமனாரும். பின்னால் மனைவி, நடுவில் அம்மா, அந்தப் பக்கம் அத்தை. அம்மா மடியில் மகள், அப்போது நாலு வயசு.

விராலிமலை தாண்டிய கொஞ்ச தூரத்தில், மீடியன் இடைவெளி ஒன்றிலிருந்து ஒரு மொபெட் குறுக்கே வந்தது. நான் எழுபதுக்கு மேல் போகவில்லை. பிரேக்கை அழுத்தினேன். சக்கரம் நாலும் பூட்டிக்கொண்டு கார் கோணலாக வழுக்கிப் போய் நின்றது. யார் மீதும் மோதவில்லை. மொபெட்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். "அப்பாடா" என்று மூச்சு விட்டபோதுதான் பின்னால் அழுகைச் சத்தம். மகளின் வாய் முன் சீட்டின் முதுகில் போய் இடித்திருந்தது. உதடு கிழிந்து, பால் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அம்மாவின் வெளிர் மஞ்சள் பட்டுப்புடவை முழுக்க ரத்தம்.

அம்மா திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: "இறுக்கிப் பிடிச்சுத்தான்டா இருந்தேன்."

உண்மைதான், பிடித்துத்தான் இருந்தார். வீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50 கிலோமீட்டர் வேகத்தில் எதிலாவது மோதி, பத்தில் ஒரு பங்கு நொடியில் கார் நிற்கிறது என்று வையுங்கள். 16 கிலோ குழந்தை அந்தக் கணத்தில் 200 கிலோவுக்கு மேல் இழுக்கும். பயில்வானாலும் பிடிக்க முடியாது, அறுபத்தெட்டு வயது அம்மா எப்படிப் பிடிப்பார்? எங்களுக்கு நடந்தது வெறும் பிரேக். மோதலே இல்லை.

நடு சீட்டில் அம்மாவுக்கு இருந்தது இடுப்பு பெல்ட் மட்டும். அதுவும் சீட் கவருக்கு அடியில் எங்கேயோ புதைந்து கிடந்தது. நாங்கள் வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் பார்த்ததில்லை.

எல்லோரும் சேர்ந்து போகும்போது என் குடும்பம் உட்காருவது பின்னால்தான். ஆனால் கார் வாங்கும்போது நாம் எல்லோரும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்து, ஸ்கிரீனைத் தட்டிப் பார்த்துவிட்டு "எடுத்துடலாம்" என்கிறோம். 2022-இல் இந்தியாவில் சீட் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் ஓட்டுநர்கள் 8,384, பயணிகள் 8,331. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. அதே வருஷம் செப்டம்பரில் மகாராஷ்டிராவின் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்ததும் பின் சீட்டில்தான், பெல்ட் போடாமல். அவர் போன கார் சாதாரணக் காரா? மெர்சிடிஸ். கொஞ்ச நாள் எல்லோரும் பின் பெல்ட் பற்றிப் பேசினோம், அப்புறம் மறந்துவிட்டோம்.

கடனும் இஎம்ஐ கணக்கும் ஒத்துவர இரண்டு வருஷம் ஆனது. இந்தத் தடவை ஷோரூமுக்குப் போனதும் நேராகப் பின் கதவைத் திறந்து நடுவில் போய் உட்கார்ந்தேன். விற்பனைப் பையன் கொஞ்சம் திகைத்துப் போனான். "சார், முன்னாடி வாங்க, சன்ரூஃப் காட்டறேன்" என்றான். "தம்பி, இந்த நடு சீட்டுக்குத் தோள் வரைக்கும் வர்ற பெல்ட் இருக்கா? தலைக்கு ஹெட்ரெஸ்ட் இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கும் சார்" என்றான். இருக்கும் என்றால்? குனிந்து பிளாஸ்டிக் உறையை விலக்கித் தேடினான். பெல்ட் கிடைத்தது, ஹெட்ரெஸ்ட் கிடைக்கவில்லை. "அது டாப் மாடல்ல வரும் சார்" என்றான்.

பையன் மேல் தப்பில்லை. யாரும் கேட்பதில்லை, அதனால் அவனுக்குத் தெரியவில்லை. சன்ரூஃபை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு விளக்குகிறான். அந்தச் சன்ரூஃபில் குழந்தையை நிற்க வைத்து, தலையை வெளியே நீட்டவிட்டு பைபாஸில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். காசு கொடுத்து ஆபத்தை வாங்குவது அதுதான்.

சரி, காரை மோதிப் பார்த்துப் பாதுகாப்புக்காகக் கொடுக்கும் நட்சத்திரத்துக்கு வருகிறேன், அதிகபட்சம் ஐந்து. இப்படிச் சோதிக்கும் சர்வதேச அமைப்பான குளோபல் என்கேப் 2014-இல் முதல்முறை நம் ஊர்க் கார்களைச் சுவரில் மோதிப் பார்த்தபோது, சோதனைக்குப் போன ஐந்து சின்னக் கார்களின் அடி வேரியன்ட்டுகளும் பூஜ்யம் வாங்கின. 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் 5 நட்சத்திரம் வாங்கியது. அப்போது அதில் இருந்த ஏர்பேக் எத்தனை தெரியுமா? இரண்டே இரண்டு. 2022-இல் அதே முன்பக்க மோதல் முறையில் சோதித்த கியா காரென்ஸில் ஆறு ஏர்பேக் இருந்தது, கிடைத்தது 3 நட்சத்திரம். அதனால்தான் "ஆறு இருக்கா" என்ற கேள்வி எனக்குப் போதவில்லை. ஏர்பேக் பெல்ட்டுக்குத் துணை, அவ்வளவுதான். பெல்ட் போடாதவன் முகத்தில் அது அறையும்.

இன்னொன்று, பழைய நட்சத்திரமும் புது நட்சத்திரமும் ஒன்றல்ல. 2022 ஜூலைக்கு அப்புறம் குளோபல் என்கேப் சோதனையைக் கடுமையாக்கியது. பக்கவாட்டு மோதல், பாதசாரி பாதுகாப்பு, வண்டி வழுக்கி நிலை தப்பாமல் காக்கும் இஎஸ்சி எல்லாம் கணக்கில் வந்தன. நம் நாட்டின் சொந்தச் சோதனையான பாரத் என்கேப் 2023 அக்டோபரில் தொடங்கியது. அதில் பெரியவர்களுக்கு ஒரு மதிப்பெண், குழந்தைகளுக்குத் தனி மதிப்பெண். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது நட்சத்திரத்தை. நீங்கள் போய்க் குழந்தை மதிப்பெண்ணைப் பாருங்கள், 49-க்கு எவ்வளவு என்று.

"மாருதின்னா தகரம்" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு: 2024 நவம்பரில் டிசையர் 5 நட்சத்திரம் வாங்கிவிட்டது. கம்பெனிப் பெயரை வைத்துப் பேசுவதை விட்டுவிட்டு, அந்த மாடலின் அறிக்கையைத் தேடிப் படிப்பது நல்லது.

மாமனாருக்கு இதெல்லாம் ஏறவில்லை. அவர் அம்பாசடர் காலத்து மனுஷர். "மாப்ளே, அந்தத் தகடு எப்படி இருக்கும் தெரியுமா? இப்ப வர்றதெல்லாம் தட்டினாலே நசுங்குது" என்றார். அவருக்குத் தென்னந்தோப்பு உண்டு என்பதால் அவர் பாஷையிலேயே சொன்னேன்: மரத்திலிருந்து விழும் தேங்காய் ஏன் உடைவதில்லை? மட்டை அடியை வாங்கிக்கொள்கிறது, உள்ளே ஓடு அப்படியே இருக்கிறது. மட்டை உரித்த காயை அதே உயரத்திலிருந்து போட்டால்? காரின் முன்பக்கம் மட்டை மாதிரி நசுங்க வேண்டும், நாம் உட்காரும் கூடு ஓடு மாதிரி அசையாமல் நிற்க வேண்டும். முன்பக்கம் நசுங்காவிட்டால் அந்த அடி முழுக்க நம் நெஞ்சுக்குத்தான் வரும். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப முன்னாடி கிராஷ் கார்டு போடலாம்ல?" என்றார். அதை 2017-லேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது, நசுங்க வேண்டிய இடத்தில் இரும்புக் குழாயை மாட்டினால் எல்லாக் கணக்கும் கெட்டுவிடும் மாமா என்றேன். "எல்லாத்துக்கும் ஒண்ணு வச்சிருக்கீங்க" என்று காபி குடிக்கப் போய்விட்டார்.

நட்சத்திரத்தையும் தலையில் தூக்கி வைக்க வேண்டாம். அந்தச் சோதனை நடப்பது 64 கிலோமீட்டர் வேகத்தில். அதுவே சுமார் ஐந்து மாடி உயரத்திலிருந்து விழுகிற வேகம். நாம் உளுந்தூர்பேட்டை தாண்டி 110-இல் போகிறோம். வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, ஆனால் மோதலின் சக்தி மூன்று மடங்கு. 5 நட்சத்திரம் வாங்கிய காரை 110-இல் ஓட்டுகிறவருக்கு அந்த நட்சத்திரம் எந்த உத்தரவாதமும் தரவில்லை.

பட்ஜெட் எனக்கும் ரப்பர் இல்லை. எதையாவது விட்டால்தான் எதையாவது வாங்க முடியும். சன்ரூஃபை விட்டேன், பெரிய ஸ்கிரீனை விட்டேன், அலாய் வீலை விட்டேன். அடாஸ் என்று தானாகப் பிரேக் போடும் வசதி வந்திருக்கிறதே, அதையும் விட்டேன். நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்காக டாப் மாடலுக்குப் போனால் லட்சங்கள் கூடுகின்றன. அந்தக் காசில் கடனைக் குறைக்கலாம் என்று தோன்றியது. உங்கள் ஓட்டம் முழுக்க ஹைவேயில் என்றால் உங்கள் முடிவு வேறாக இருக்கலாம்.

விட மாட்டேன் என்று நின்றது இஎஸ்சி. விராலிமலையில் என் கார் கோணலாக வழுக்கியதே, அந்த மாதிரி வண்டி நிலை தப்பும்போது ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் பிரேக் கொடுத்து நேராக்குவது அது. அடுத்தது நடு சீட்டுக்கு, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை பெல்ட்டும் ஹெட்ரெஸ்ட்டும். இந்த ஹெட்ரெஸ்ட்டுக்காக மூன்று ஷோரூம் ஏறி இறங்கினேன். அப்புறம் மகளுக்கு, பெல்ட் சரியாகப் பொருந்தும்படி உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் சீட், 11,000 ரூபாய். "வளர்ந்துடுவா, வேஸ்ட்" என்றார்கள். பள்ளி ஷூகூடத்தான் ஒரு வருஷத்தில் பத்தாமல் போகிறது, வாங்காமல் இருக்கிறோமா? சட்டப்படியும் 14 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் வந்தால் 1,000 ரூபாய் அபராதம். இதற்காக யாரையும் நிறுத்தி நான் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

செகண்ட் ஹேண்ட் எடுப்பவர்களுக்கு ஒன்று. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் தயாரானது. டயரின் மேல்பட்டை தேயாமல் பளபளவென்று இருக்கும், வயசு மட்டும் ஏழு வருஷம் ஆகியிருக்கும். எண்ணைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

"5 நட்சத்திரம் இல்லாத காரை வாங்குறவன் குடும்பத்தைக் கொல்றான்" என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2022-இல் நாட்டில் சாலையில் இறந்தவர்களில் சுமார் 44 சதவீதம் பேர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஒரே பைக்கில் போய்க்கொண்டிருந்தவர் கடன் வாங்கி ஒரு பழைய சின்னக் கார் எடுத்தால், அவர் குடும்பத்தை நேற்றைவிடப் பத்திரமாகத்தான் கூட்டிப் போகிறார். அவரிடம் போய் நட்சத்திரம் எத்தனை என்று கேட்பது திமிர். பின்னால் பெல்ட் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று கேளுங்கள், அது போதும்.

கார் வந்த மறுநாள் சீட் கவர் போடக் கடைக்குப் போனேன். பக்கவாட்டு ஏர்பேக் முன் சீட்டுக்குள்ளிருந்து பிரிந்து வரும். சாதாரணக் கவர் போட்டால் அது மாட்டிக்கொள்ளும். அதற்கென்று பிரியும் தையல் வைத்த கவர்தான் வேண்டும் என்று சொல்லி எடுத்தேன். கடைக்காரர் முன் சீட்டை முடித்துவிட்டுப் பின்னால் போனார். கொஞ்ச நேரத்தில் தலையை நீட்டி, "சார், இந்த பெல்ட் பக்கிள் மூணையும் உள்ள தள்ளி விட்டுடவா? பார்க்க நீட்டா இருக்கும்" என்றார்.

கவரை வெட்டி பக்கிளை வெளியே எடுத்துவிடச் சொன்னேன். "வெட்டினா ஓரம் தைக்கணும் சார், 300 ரூபா ஆகும்" என்றார். கொடுத்தேன்.