நடுத்துண்டு எனக்கு வேண்டாம்

புது ஊருக்குக் குடிபோன முதல் மாதம் என்னை அதிகம் படுத்தி எடுத்தது ஜன்னல்தான். திறந்து வைத்தால் தெருவில் போகிறவர்கள் எல்லோரும் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள். ஓரக்கண்ணால்கூட இல்லை, நின்று நிதானமாக. சரிப்படாது என்று கனமான திரை ஒன்று வாங்கி மாட்டினேன். மூன்றாம் நாள் எதிர்வீட்டு அம்மா கதவைத் தட்டினார். "ஏம்மா, உடம்பு ஏதும் சரியில்லையா? ஜன்னலே திறக்கக் காணோமே." அதில் அக்கறை பாதி, விசாரணை பாதி. எது எவ்வளவு என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அந்த மூன்று நாளில் என்னைப் பற்றி மூன்று கதைகள் கிளம்பியிருந்தது பிற்பாடுதான் தெரிந்தது. கடன்காரர்களுக்குப் பயந்து ஒளிந்திருக்கிறேன் என்பது ஒன்று. தீராத வியாதி என்பது இன்னொன்று. மாதம் இரண்டு தடவை வந்துபோகிறவர் நிஜமாகவே கணவர்தானா என்பது மூன்றாவது. (கணவர்தான். அவருக்கு வேலை வேறு ஊரில். கல்யாண ஃபோட்டோவை வாசலுக்கு நேரே மாட்டிவிடலாமா என்றுகூட யோசித்தோம்.)

போன வாரம் தெரிந்த பெண் ஒருத்தி போனில் அழாத குறையாகப் பேசினாள். ரொம்பக் கட்டுப்பெட்டியான பக்கத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது, "நீங்க எப்படிக்கா சமாளிச்சீங்க?" என்றாள். போனில் சொன்னது போதாது என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறேன்.

இந்த விஷயத்தில் நமக்குக் கிடைக்கிற அறிவுரை இரண்டே வகைதான். பெரியவர்கள், "பாம்பு தின்கிற ஊருக்குப் போனால் நடுத்துண்டு எனக்குன்னு கேக்கணும்" என்பார்கள். நண்பர்கள், "யாருக்காகவும் மாறாதே, நீ நீயாகவே இரு" என்பார்கள். இரண்டாவதைச் சொல்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் பிறந்த தெருவை விட்டு நகராதவர்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன்.

நடுத்துண்டு கேட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். கூட வேலை பார்த்தவர், வெளியிலிருந்து வந்தவர். இரண்டே மாதத்தில் உடை மாறியது, பேச்சு மாறியது. அப்புறம் ஊர்க்காரர்களுக்கே இல்லாத கண்டிப்பெல்லாம் அவருக்கு வந்துவிட்டது. அலுவலகத்தில் எந்தப் பெண் யாரோடு பேசுகிறாள் என்று கணக்கெடுக்க ஆரம்பித்தார். ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியதா என்றால், இல்லை. முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். கட்டுப்பாடான இடத்தில் வளர்ந்தவர்களுக்கு வேஷம் சட்டென்று தெரிந்துவிடும். மனிதரைக் கவனிப்பதையே அவர்கள் சின்ன வயதிலிருந்து செய்து வருகிறார்கள்.

சில இடங்கள் ஏன் இவ்வளவு இறுக்கமாக இருக்கின்றன என்று நான் கோபத்தோடு தேடிப் படித்த காலம் ஒன்று உண்டு. மிஷேல் கெல்ஃபாண்ட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 33 நாடுகளில் நடத்திய ஆய்வு 2011ல் வெளியானது. விதிமீறலைச் சகித்துக்கொள்ளாத பண்பாடுகளை 'இறுக்கமானவை' என்றும், கண்டும் காணாமல் விடுகிறவற்றைத் 'தளர்வானவை' என்றும் அதில் பிரித்தார்கள். பாகிஸ்தான், மலேசியா, இந்தியாவெல்லாம் இறுக்கமான பக்கம். உக்ரைன், எஸ்டோனியா, ஹங்கேரி தளர்வான பக்கம். இறுக்கமான இடங்களின் வரலாற்றைப் பார்த்தால் இயற்கைச் சீற்றம், கொள்ளைநோய், உணவுப் பற்றாக்குறை, எல்லைச் சண்டை, மக்கள் நெருக்கடி என்று ஏதோ ஓர் ஆபத்து திரும்பத் திரும்ப வந்திருக்கிறதாம். ஆளாளுக்கு ஒரு பக்கம் போனால் எல்லோரும் அழிவோம் என்ற பயத்தில் போட்ட வேலிகள். ஆபத்து போயிருக்கும், வேலி நிற்கும். இது தெரிந்ததும் என் கோபம் முழுவதும் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். பாதி போனது. மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு வாழலாம்.

நான் செய்த பெரிய தப்பு ஜன்னல் திரை என்று நினைத்துவிடாதீர்கள். அதைவிடப் பெரிய தப்பு இரண்டாம் மாதமே செய்தேன். குடியிருப்போர் கூட்டம் வேலைநாள் பகலில் நடக்கும். வேலைக்குப் போகிற பெண்கள் எப்படி வருவது, மாலையில் வையுங்கள் என்று எழுந்து பேசினேன். யாரும் எதிர்க்கவில்லை. யாரும் ஆமோதிக்கவும் இல்லை. நான் உட்கார்ந்ததும், விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடர்ந்தது. அந்த அரை நிமிஷ மௌனத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

ஒன்றரை வருஷம் கழித்து அதையே மறுபடி சொன்னேன், ஏறக்குறைய அதே வார்த்தைகளில். இரண்டு நிமிஷத்தில் முடிவாகிவிட்டது. "அதானே, சாயந்திரமே வெச்சுக்கலாமே" என்று, முதல் தடவை முகத்தைத் திருப்பிக்கொண்ட பெரியவரே சொன்னார்.

எட்வின் ஹாலண்டர் என்ற உளவியலாளர் 1958ல் இதற்கு ஒரு விளக்கம் எழுதியிருக்கிறார். ஒரு கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர் அதன் வழக்கங்களை மதித்து நடந்து, கூட்டத்துக்கு உபயோகமாகவும் இருந்தால் அவர் பெயரில் ஒரு வரவு சேருகிறது. பிற்பாடு அவர் மாறுபட்டுப் பேசும்போது அந்த இருப்பிலிருந்துதான் கழிகிறது. இருப்பு இல்லாமல் பேசினால் திமிர். இருப்போடு பேசினால் யோசனை. நியாயமா என்று கேட்டால், நியாயமில்லைதான். என் யோசனை முதல் நாளும் சரியானதுதானே? ஆனாலும் உலகம் இப்படித்தான் கணக்கு வைக்கிறது, இறுக்கமான இடம் இன்னும் கறாராக வைக்கிறது.

சரி, வரவு எப்படிச் சேர்ப்பது? உடையிலோ நடையிலோ அவ்வளவு இல்லை என்பது என் அனுபவம். அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்காமல் வாழ்வதை நான் பெரிய நாகரிகம் என்று நினைத்து வளர்ந்தவள். இந்த ஊரில் அதற்கு வேறு அர்த்தம். "எனக்கு உங்களில் யாரும் வேண்டாம்" என்று சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள். யோசித்தால் அது முழுப் பொய்யும் இல்லை.

மாறியது ஒரு பல்பினால். கூடத்தில் விளக்கு போய்விட்டது, ஸ்டூல் எட்டவில்லை. மூன்றாம் வீட்டுப் பெரியவரிடம் ஏணி கேட்டேன். கூட்டத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாரே, அதே ஆள்தான். அதுவரை ஒரு சிரிப்புகூடக் காட்டாதவர். ஏணியைக் கொடுத்தனுப்புவார் என்று பார்த்தால் அவரே தோளில் சுமந்துகொண்டு வந்தார். "நான் ஏறட்டுமா?" என்றார். "நீங்க பிடிச்சுக்கோங்க, நானே ஏறுறேன்" என்றேன். அவர் ஏணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி, வயரிங் சரியில்லை, ஹோல்டர் சரியில்லை, இந்த வீட்டைக் கட்டினவனே சரியில்லை என்று இருபது நிமிஷம் பேசினார். மறுநாள் தெருமுழுக்க எனக்கு ஒரு பெயர் வந்திருந்தது: "பயமில்லாத பொண்ணு." முந்தைய மூன்று கதைகளைவிட இது எவ்வளவோ மேல்.

பென்ஜமின் ஃபிராங்க்ளின்கூட இப்படி ஒரு வேலை செய்திருக்கிறார். பென்சில்வேனியா சட்டமன்றத்தில் தன்னைப் பிடிக்காத ஓர் உறுப்பினரிடம் அபூர்வமான புத்தகம் ஒன்றைக் கடனாகக் கேட்டு வாங்கி, ஒரு வாரத்தில் நன்றி எழுதித் திருப்பிக் கொடுத்தாராம். அந்த மனிதர் சாகும்வரை நண்பராக இருந்தார் என்று சுயசரிதையில் எழுதுகிறார். உதவி செய்வதைவிட உதவி கேட்பது ஆட்களை நெருக்கமாக்கும் என்பதை நான் ஏணியின் உச்சியில் நின்று தெரிந்துகொண்டேன்.

அடுத்தது கேள்விகள். என்ன சம்பளம், ஏன் தனியாக இருக்கே, நேத்து வந்தது யாரு. பதில் சொல்லாமல் மழுப்பினால் அவர்களே ஒரு பதிலைத் தயார் பண்ணிக்கொள்வார்கள், அது நிச்சயம் உண்மையைவிடச் சுவாரசியமாக இருக்கும். பொய்யும் சொல்லாதீர்கள், ஒரு வாரம் தாங்காது. உண்மையில் சலிப்பான ஒரு பகுதியை நீங்களே முந்திக்கொண்டு கொடுத்துவிடுங்கள். யார் வந்தார், எதற்கு வந்தார், எந்த பஸ்ஸில் திரும்பினார் என்று நான் விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்ததும் கேட்கிறவர்களுக்கே கொட்டாவி வந்துவிட்டது. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அந்த வித்தை எடுபடவில்லை. குழந்தை பற்றிக் கேட்டபோது, "அதை மட்டும் கேக்காதீங்கம்மா" என்றேன். எதிர்வீட்டு அம்மா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்குப் பிறகு அவரும் கேட்கவில்லை, அவருக்குத் தெரிந்த யாரும் கேட்கவில்லை. தெருவுக்கே சொல்லி வைத்திருக்கிறார் போல.

இதுவரை சொன்னதெல்லாம் சுலபமான பகுதி. உடை, நேரம், பேச்சு இதிலெல்லாம் விட்டுக்கொடுத்ததில் எனக்குப் பெரிய நஷ்டமில்லை. கஷ்டம் வேறு இடத்தில் வரும். உங்களைச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதற்கு அடையாளமே, இன்னொருத்தியைப் பற்றி உங்கள் முன்னால் தாராளமாகப் பேசத் தொடங்குவதுதான். ஒரு மாலை, வாசல் திண்ணையில் ஐந்தாறு பேர். தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போன ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்சு. காது கூசுகிற பேச்சு. நான் வாயைத் திறக்கவில்லை. இப்போதுதான் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள், கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று உள்ளே ஒரு குரல். எழுந்து வரும்போதுதான் பார்த்தேன், அந்தப் பெண்ணின் அம்மா சுவரோரமாகக் கையில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இந்த ஊரில் நான் செய்ததில் இதற்கு மட்டும்தான் வெட்கப்படுகிறேன். அடுத்த தடவை அதே பேச்சு வந்தபோது, "எனக்கு அந்தப் பொண்ணைத் தெரியும், நல்ல பொண்ணு, ஊருக்கு வந்தா என் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன்" என்றேன். மூன்று வாரம் யாரும் சரியாகப் பேசவில்லை. ஹாலண்டர் கணக்கில் சேர்த்ததெல்லாம் ஒரே நாளில் கரைந்தது. வரவு சேர்ப்பதே இப்படி ஒரு நாளில் செலவழிக்கத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் அதற்குப் பிறகு நடந்தது. பெண்கள் தனித்தனியாக வந்து என்னிடம் பேச ஆரம்பித்தார்கள். ஒருத்திக்கு விட்ட படிப்பைத் தொடர ஆசை. ஒருத்தி கணவனுக்குத் தெரியாமல் பணம் சேர்க்கிறாள். சொந்த அக்காவிடம் சொல்லாததை என்னிடம் சொன்னார்கள். கியோர்க் சிம்மல் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர் 1908லேயே இதை எழுதிவிட்டார்: வந்து தங்கிவிட்ட அந்நியரிடம், நெருங்கியவர்களிடம் மறைப்பதைக்கூட மனிதர்கள் திறந்து சொல்வார்கள் என்று. முழுசாக ஊராளாகியிருந்தால் இந்தக் கதவு எனக்குத் திறந்திருக்காது. நடுத்துண்டு வேண்டாம், பந்தியில் ஓர் ஓரம் போதும் என்று நான் சொல்வது இதனால்தான்.

என் கணவர் அதே தெருவில் இரவு பதினொரு மணிக்கு வந்து இறங்கினால் "பாவம், அலைச்சல்" என்பார்கள். நான் ஒன்பது மணிக்கு வந்தால் அது செய்தி. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்ற அறிவுரை ஆண்களிடம் எவ்வளவு வருகிறது, பெண்களிடம் எவ்வளவு வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். இன்னும் சிலருக்கு, அவர்கள் பிறந்த பிறப்போ, கும்பிடுகிற சாமியோ, நேசிக்கிற ஆளோதான் ஊருக்குக் குற்றம். அவர்களிடம் போய் ஏணி கடன் கேள் என்று நான் சொல்லமாட்டேன். நம்பக்கூடிய ஒரே ஒரு ஆளைத் தேடிக்கொள்ளுங்கள், கையில் கொஞ்சம் பணம் வைத்துக்கொள்ளுங்கள், கிளம்ப வேண்டியிருந்தால் கிளம்புங்கள். அதில் தோல்வி ஒன்றும் இல்லை.

மற்றவர்களுக்கு ஒரு நாள்கணக்கு. அமெரிக்காவில் தங்கிவிட்டுத் திரும்பிய 200 நார்வேக்காரர்களிடம் விசாரித்து லிஸ்கோர் என்ற சமூகவியலாளர் 1955ல் எழுதினார்: ஆறு மாதத்துக்குள் இருந்தவர்களும் பதினெட்டு மாதத்தைத் தாண்டியவர்களும் ஓரளவு நன்றாகப் பொருந்தியிருந்தார்கள், இடையில் இருந்தவர்கள்தான் மோசம். எல்லோருக்கும் அப்படியே நடக்கும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு அப்படியே நடந்தது. எட்டாம் மாதம் மாற்றல் மனு எழுதி, கையெழுத்துப் போட்டு, மேஜை டிராயரில் வைத்திருந்தேன். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது, தேதி போடாமல்.

என் வீட்டு ஜன்னல் இப்போது பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. அடுத்த வீட்டு மாடிக்குப் புதிதாக ஒருத்தி குடிவந்திருக்கிறாள், தனியாகத்தான் இருக்கிறாள் போலிருக்கிறது. வந்து நாலு நாளாகிறது. கனமான திரை, ஒரு இடுக்குகூடத் தெரியவில்லை. நேற்று மட்டும் நான் மூன்று தடவை எட்டிப் பார்த்துவிட்டேன்.