டிராஃப்ட்ட சேருங்க, ஆனா கழட்டிப் போட வழி வச்சுட்டு சேருங்க

நான் அப்பப்ப பேட்ச் (கோட் திருத்தம்) அனுப்புற ஒரு ஓப்பன் சோர்ஸ் நெட்வொர்க் லைப்ரரில ரெண்டு வாரமா ஒரே சண்டை. இன்னும் டிராஃப்ட்டா (முடிவாகாத வரைவா) இருக்குற ஒரு ப்ரோட்டோகால் எக்ஸ்டென்ஷன, அதாவது கம்ப்யூட்டருங்க பேசிக்கிற விதிக்கு ஒரு கூடுதல் சேர்க்கைய, எங்க கோடுல மெர்ஜ் பண்ணலாமா வேணாமான்னு. ஒரு கோஷ்டி "பிரவுசர்காரங்களே போட்டுட்டாங்க, நாம மட்டும் ஏன் தூங்கறோம்"ங்குது, இன்னொரு கோஷ்டி "ஆர்எஃப்சி (அந்த விதியோட இறுதி ஆவணம்) வரட்டும், அதுவரைக்கும் கைய வைக்காதீங்க"ங்குது. எனக்கு ரெண்டுமே சரியாப் படல.

முதல் கோஷ்டிக்கு வெப்சாக்கெட் (பிரவுசரும் சர்வரும் கனெக்ஷன மூடாம ரெண்டு பக்கமும் பேசிக்கிற ப்ரோட்டோகால்) கதை ஞாபகம் இல்ல போல. 2010ல அது வெறும் டிராஃப்ட், ஆனா குரோம், சஃபாரி எல்லாம் அதை அப்பவே ஆன் பண்ணி ஜனங்க கைல குடுத்தாச்சு. அந்த வருஷக் கடைசில ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, நடுவுல நின்னு ட்ராஃபிக்க கடத்தி விடுற சில ப்ராக்ஸிங்களுக்கு இந்த ஹேண்ட்ஷேக் (கனெக்ஷன தொடங்குற முதல் பேச்சு) புரியல, அதை வச்சே அதுங்க காப்பி சேத்து வைக்கிற கேஷ்ல கள்ள ஸ்கிரிப்ட்ட சொருகிடலாம்னு. ஃபயர்ஃபாக்ஸும் ஓபராவும் உடனே டிஃபால்ட்டா ஆஃப் பண்ணிட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சு, 2011 டிசம்பர்ல ஆர்எஃப்சி 6455 வந்தப்ப ஹேண்ட்ஷேக்கும் வேற, ஃப்ரேமும் (டேட்டாவ பொட்டலம் கட்டுற விதம்) வேற, பிரவுசர் அனுப்புற டேட்டா எல்லாத்தையும் மாஸ்க் பண்ணியே (ஒரு ரேண்டம் சாவியால உருமாத்தியே) ஆகணும். ஆனா பழைய டிராஃப்ட்டோட வித்த ஐபோன் எல்லாம் ஜனங்க பாக்கெட்லதான இருக்கு? அதனால சர்வர் லைப்ரரி எழுதுனவங்க செத்துப்போன டிராஃப்டுக்கும் சேத்து ரொம்ப நாளு கோட் சுமந்தாங்க. அந்த மாதிரி கோட் ஒண்ண நானும் கொஞ்ச நாள் பாத்துக்கிட்டேன், தொடவும் பயம், தூக்கவும் பயம், யாரு இன்னும் யூஸ் பண்றாங்கன்னே தெரியாது.

சரி, அப்ப ரெண்டாவது கோஷ்டி சொல்றதுதான் சரியா? அதுவும் இல்லங்க. டிஎல்எஸ் 1.3ய (கனெக்ஷன என்கிரிப்ட் பண்ற ப்ரோட்டோகாலோட 1.3 வெர்ஷன்) பாருங்க, 28 டிராஃப்ட் ஓடுச்சு, 2018 ஆகஸ்ட்லதான் ஆர்எஃப்சி 8446 ஆச்சு. எல்லாரும் கைய கட்டிட்டு உக்காந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? 2017ல குரோம் 56 அதை ஆன் பண்ணப்ப அமெரிக்கால மேரிலாண்ட் பக்கம் ஸ்கூல் பசங்களோட குரோம்புக் எல்லாம் கனெக்ட் ஆகாம நின்னுச்சு, காரணம் நடுவுல இருந்த ப்ராக்ஸி பெட்டி. பேப்பர்ல எத்தனை தடவை படிச்சாலும் இது தெரிஞ்சிருக்காது, ஓட்டிப் பாத்ததாலதான் தெரிஞ்சுது. அப்புறம் டிராஃப்ட் 22ல, வெளிய இருந்து பாத்தா பழைய வெர்ஷன் 1.2 மாதிரியே தெரியற மாதிரி வேஷம் கட்டி விட்டாங்க. (இன்னிக்கும் அந்த வெர்ஷன் ஃபீல்டுல 1.2ன்னு பொய்தான் போகுது, நிஜ வெர்ஷன் வேற எக்ஸ்டென்ஷன்ல ஒளிஞ்சிருக்கு. ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வரும் எனக்கு.)

வெப்சாக்கெட்லயும் எழுதி ஓட்டிப் பாத்தாங்க, இங்கயும் பாத்தாங்க, ஆனா இங்க மட்டும் ஏன் குப்பை மிஞ்சலன்னா, டிராஃப்ட் நம்பரையே வெர்ஷன் நம்பருக்குள்ள வச்சு அனுப்புனாங்க. டிராஃப்ட் 18 பேசுறவனும் 23 பேசுறவனும் சந்திச்சா குழப்பமே இல்ல, ரெண்டு பேரும் பேசாம 1.2க்கு இறங்கிடுவாங்க. டிஎல்எஸ் லைப்ரரி எழுதுற ஓப்பன்எஸ்எஸ்எல்காரங்க 1.3 சேத்த அவங்களோட 1.1.1 வெர்ஷன பீட்டாவா விட்டுட்டே இருந்தாங்க, ஆனா ஆர்எஃப்சி வர்ற வரைக்கும் ஃபைனல் ரிலீஸ் கிடையாதுன்னு பிடிவாதமா நின்னு செப்டம்பர்லதான் விட்டாங்க. அந்தப் பிடிவாதம்தான் எனக்கு ரொம்பப் புடிச்சுது.

ஐஇடிஎஃப் (இந்த இன்டர்நெட் விதிகள உருவாக்குற அமைப்பு) டிராஃப்ட் ஒவ்வொண்ணுக்கும் ஆறு மாசம்தான் ஆயுசு, முதல் பக்கத்துலயே தேதி போட்டிருப்பாங்க. பேப்பருக்கே காலாவதி தேதி இருக்கறப்ப நம்ம கோடுக்கு மட்டும் ஏன் இல்ல? அதனால ரிவ்யூல நான் எழுதுனது இதான்: மெர்ஜ் பண்ணுங்க, ஆனா பில்ட் ஃப்ளாக் (கம்பைல் பண்றப்ப வேணும்னு போடுற ஸ்விட்ச்) போட்டாத்தான் உள்ள வரணும், எந்த டிராஃப்ட்னு நம்பர் பேர்லயே தெரியணும், அடுத்த டிராஃப்ட் வந்தா பழசு அன்னிக்கே போயிடணும்.

"யாரு தூக்குவா?"ன்னு மெயின்டெய்னர் கேட்டாரு. நியாயமான கேள்வி. பேட்ச் எழுதுன தம்பி "நான் பாத்துக்கறேண்ணா"ன்னு சொல்லிருக்கான். இதுல வேடிக்கை என்னன்னா அவன் எழுதுனது டிராஃப்ட் 5க்கு, நாங்க சண்டை போட்டு முடிக்கறதுக்குள்ள 6 வந்தாச்சு, அதை இன்னும் ஒருத்தனும் தொறந்தே பாக்கல, நானும் சேத்துதான்.