ஒன்றே கால் மணி நேரம்

எங்களுக்குக் கேரளாவில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், பிள்ளைகளுக்குப் பள்ளியில் மலையாளம். அக்கா மகளுக்குப் பதினொரு வயது, நீச்சல் போட்டிகளுக்குப் போகிறாள். போன வருடம் ஒரு போட்டிக்கு நான்தான் கூட்டிப்போனேன்.

காலை ஏழு மணிக்கு வார்ம்-அப். பிள்ளைகள் நீந்தி, உடம்பு சூடேறி, கரையேறிவிட்டார்கள். சிறப்பு விருந்தினர் வரவில்லை. குத்துவிளக்கு ஏற்றாமல் ஆரம்பிக்கக் கூடாதாம். மைக்கில் ஒருவர் ‘இப்ப வரும், இப்ப வரும்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். (மலையாளத்தில் மந்திரிக்கும் ‘வரும்’தான், பஸ்ஸுக்கும் ‘வரும்’தான்.) ஒன்றே கால் மணி நேரம் போனது. ஈர உடையோடு, சுருங்கிப்போன விரல்களை அக்குளில் செருகிக்கொண்டு வந்து நின்றாள். ‘மாமா, குளிருதுங்க.’ ஒரே துண்டு, அதுவும் நனைந்துவிட்டது. என் சட்டையைக் கழற்றிப் போர்த்திவிட்டு பனியனோடு நின்றேன். 50 மீட்டர் பட்டர்ஃபிளையில் வழக்கமாக எடுப்பதைவிட மூன்று விநாடி கூடுதலாக எடுத்தாள். மூன்று விநாடி என்றால் நீச்சலில் ஒரு யுகம்.

மேடையில் ஏழெட்டு நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்த ஒருவராவது ஒரு நாள் இப்படி ஈரத்தோடு காத்திருந்திருந்தால், விளக்கை அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம் என்று எழுந்து சொல்லியிருப்பார்.

விளையாட்டை விளையாடியவர்களே நடத்தினால் என்ன என்று அன்றுதான் தோன்றியது. அன்றிலிருந்து எனக்குக் கிர்ஸ்டி கவென்ட்ரி மேல் ஒரு கண். ஜிம்பாப்வே நீச்சல் வீராங்கனை. 2004 ஏதென்ஸ், 2008 பெய்ஜிங் இரண்டிலும் 200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக் தங்கம், மொத்தம் ஏழு ஒலிம்பிக் பதக்கம். அமெரிக்காவில் படித்தது ஹோட்டல் நிர்வாகம். நீந்துவதை நிறுத்திய பிறகு ஒலிம்பிக் கமிட்டியின் வீரர்கள் குழுவுக்குத் தலைவர், 2018இல் தன் நாட்டின் விளையாட்டு அமைச்சர். 2025 மார்ச்சில் நடந்த தேர்தலில் முதல் சுற்றிலேயே 97இல் 49 ஓட்டு வாங்கி, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்கே தலைவராகிவிட்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண், முதல் ஆப்பிரிக்கர்.

சரி, குறையும் உண்டு. அவர் அமைச்சராக இருந்தபோதுதான், அரசுத் தலையீடு என்று சொல்லி ஜிம்பாப்வே கால்பந்தை 2022இல் ஃபிஃபா தள்ளிவைத்தது. நன்றாக நீந்தத் தெரிந்தால் நன்றாக நடத்தவும் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழம் என்று கணக்குப் போட்டால் ஒரு குளத்தில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர். அதைச் சுத்தமாக வைத்திருக்க ஃபில்டர், குளோரின், மோட்டார், கரண்ட் பில், டெண்டர். பதக்கத்தோடு இதெல்லாம் கூடவே வந்துவிடாது, உட்கார்ந்து படிக்க வேண்டும். ஆனால் நம் ஊரில் அந்த உட்காரும் இடத்தையே யாரும் தருவதில்லையே.

வீர்தவல் காடேவைப் பாருங்கள். 2010 குவாங்சோ ஆசியப் போட்டியில் 50 மீட்டர் பட்டர்ஃபிளையில் வெண்கலம். 24 வருடம் கழித்து இந்தியாவுக்கு நீச்சலில் கிடைத்த பதக்கம். மகாராஷ்டிர அரசு கொடுத்த வேலை? தாசில்தார். கௌரவமான பதவிதான், ஆனால் பட்டா சிட்டாவுக்கும் பட்டர்ஃபிளைக்கும் என்ன உறவு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

எங்களுக்குப் பக்கத்து ஆள் சஜன் பிரகாஷ். பிறந்தது இடுக்கி, வளர்ந்தது நெய்வேலி. அம்மா பழைய ஓட்டப்பந்தய வீராங்கனை. 2021இல் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1:56.38க்கு முடித்தார். ஒலிம்பிக் ‘ஏ’ தகுதிக்கு, அதாவது நேரடியாக இடம் கிடைக்க, எல்லை 1:56.48. பத்தில் ஒரு விநாடி வித்தியாசத்தில், அந்தத் தகுதியை எட்டிய முதல் இந்தியர். அதற்கு முன்னால் கழுத்துக் காயத்தோடு மல்லுக்கட்டியவர். வேலை கேரளா போலீஸில். சம்பளம் வருகிறது, பென்ஷன் உண்டு, வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் கழுத்து போன பிள்ளையை எப்போது தண்ணீரில் இறக்கலாம், எப்போது கூடாது என்று உடம்பால் தெரிந்த ஆள் அவர். அந்த அறிவுக்கு எந்த ஸ்டேஷனில் வேலை இருக்கிறது?

முதுகில் சுரைப்புருடையை, அதாவது காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டுத்தான் எங்கள் தலைமுறைக்கு நீச்சல் பழக்கினார்கள். மேலே கயிற்றைப் பிடித்து நின்ற தாய்மாமாவுக்கும் நீச்சல் தெரியும். தெரியாதவர் கையில் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள்.

இந்த வருடம் வேறொரு போட்டிக்குப் போனோம். அதை நடத்தியவர் ஒரு பழைய வீராங்கனை. ஹீட் பட்டியலை, அதாவது முதல் சுற்றில் யார் யாரோடு நீந்துவது என்ற பட்டியலைப் பிள்ளைகளின் கண் உயரத்தில் ஒட்டியிருந்தார். நான்தான் குனிந்து படித்தேன். வார்ம்-அப் முடிந்து இருபது நிமிடத்தில் முதல் ஹீட். விருந்தினர் பாதியில் வந்தார், இரண்டு போட்டிகளுக்கு நடுவே விளக்கேற்றினார், யாருக்கும் குளிரவில்லை. அவருக்கும் கைதட்டல் குறையவில்லை.

அடுத்த மாதம் மறுபடி அந்தப் பழைய இடத்தில் போட்டி. நேற்று பை அடுக்கும்போது கேட்டாள்:

‘மாமா, சீஃப் கெஸ்ட் உண்டுங்களா?’

‘உண்டு கண்ணு.’

‘அப்ப மூணு துண்டு வையுங்க.’