பேர்தான் பாதுகாப்பு, உள்ளே ஓடுவது இழுவைமடி

கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகும் வலைதான் இழுவைமடி; அதைப் பிரான்ஸ் தன் கடலில் நிறுத்தவேண்டுமா என்று நேற்று ஒரு வாக்குவாதம். "நீஸில் நடந்த ஐ.நா. கடல் மாநாட்டோடு பிரான்ஸ் கடலைக் காப்பாற்றிவிட்டது, இனியாவது இந்தச் சுற்றுச்சூழல்காரர் வாயை மூடட்டும்" என்று எழுதிய அண்ணருக்கு இரவே ஒரு பதில் எழுதி அழித்துவிட்டேன். இது கொஞ்சம் மரியாதையான வடிவம்.

பிரான்ஸ் தன் கடலில் மூன்றில் ஒரு பங்கைப் பாதுகாக்கப்பட்ட பகுதி என்கிறது. அதில் பெரும்பகுதியில் இழுவைமடி போடத் தடையில்லை. 2025 ஜூனில் அரசு சொன்னது என்ன? ஐரோப்பியப் பக்கத்துக் கடலில் 4 சதவீதத்துக்குக் கடும் பாதுகாப்பு, 2026 முடிவதற்குள். அதுவரை இருந்தது 0.1 சதவீதம். அந்த இடங்களில் பெரும்பாலானவற்றில் இப்போதே இழுவைமடி ஓடுவதில்லையே என்று புளூம், ஓசியானா என்ற கடல் பாதுகாப்பு அமைப்புகள் கேட்டன. திருடன் போகாத தெருவுக்குக் காவல் போட்ட கதை.

2018இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு ஐரோப்பாவின் 727 பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிகளைப் பார்த்தது. 59 சதவீதத்தில் இழுவைமடி ஓடியிருக்கிறது. வெளியே இருப்பதைவிட உள்ளேதான் 1.4 மடங்கு அதிகம்! திரும்பச் சொல்கிறேன், உள்ளேதான் அதிகம்.

வாயை மூடவேண்டுமாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016இல் 800 மீட்டருக்குக் கீழே இழுவைமடிக்குத் தடை வந்ததும், 2021இல் மின்சாரம் பாய்ச்சி மீன்பிடிப்பது நின்றதும் இந்தச் சுற்றுச்சூழல்காரர் வருடக்கணக்காகக் கத்தியதால்தான்.

"மீனவன் வயிற்றில் அடிக்கலாமா?" எந்த மீனவன், அண்ணர்? யாழ்ப்பாணத்து வடமராட்சியில் என் மாமா இரவு விட்ட வலையை விடிய எடுக்கப் போனால், சில நாட்களில் ஒரு மிதப்புக் கட்டையும் அறுந்த கயிறும்தான் கையில் வரும். இழுவைமடி போடும் றோலர் படகு இழுத்துக்கொண்டு போயிருக்கும். கடன் வாங்கி வாங்கிய வலை. கரையில் குந்தியிருந்து மிச்சத்தைப் பொத்துவார், யாரோடும் பேசமாட்டார். அவரும் மீனவர்தான். இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் 2008இல் 206 சதுர கிலோமீட்டரில் இழுவைமடியை நிறுத்தினார்கள். கூடு வைத்து நண்டு பிடிக்கிற சிறு படகுகள் அங்கே இன்றும் தொழில் செய்கின்றன.

மீன் விலை ஏறுமாம். ஏறட்டும்.

கிரேக்கம்கூட 2030க்குள் எல்லாப் பாதுகாக்கப்பட்ட பகுதியிலும் நிறுத்துவோம் என்று 2024இல் சொல்லிவிட்டது. பிரான்ஸுக்கு மட்டும் என்ன கஷ்டம்?

கடைசியாக, "வெள்ளைக்காரனுக்கு வால் பிடிக்கிறாய்." இதுதான் சுட்டது. வடக்கு மீனவர் கேட்டுக் கேட்டு 2017இல் இலங்கையில் இழுவைமடித் தடைச் சட்டம் வந்தபோது கைதட்டியவர் நீங்கள். அதையே இங்கே பிரான்ஸில் ஒரு பிரெஞ்சுப் பெட்டை பதாகை பிடித்துக் கேட்டால் நக்கலா? எங்கள் கடலுக்கு வலிக்கும், இவர்கள் கடலுக்கு வலிக்காதா? இருபது வருடமாக இங்கே வரி கட்டுகிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பும் இந்தக் கடல் மீனில்தான்.

பதில் எழுதுவதென்றால் எழுதுங்கள். மீம் மட்டும் வேண்டாம், நேற்றே பார்த்துவிட்டேன்.