மரபணு மட்டுமா குற்றவாளி?

'வன்முறை எங்கிருந்து வருகிறது' என்று கேட்கும் தொடர் கட்டுரை ஒன்றைப் படித்தேன். 'போர்வீரன் மரபணு' இருப்பவர் வன்முறையாளர் ஆவார் என்பதுபோல் அது எழுதியிருப்பது பாதிக் கதைதான்.

அப்படி அழைக்கப்படும் மாவோ-ஏ (MAOA) மரபணு பற்றிய பேச்சு 1993-இல் மரபியலாளர் ஹான் புருன்னர் குழு வெளியிட்ட ஆய்விலிருந்து சூடுபிடித்தது. வன்முறைப் போக்கு காட்டிய ஒரு டச்சுக் குடும்பத்தின் ஆண்கள் சிலருக்கு, அந்த மரபணு உருவாக்க வேண்டிய நொதி (மூளையின் சில வேதிப்பொருள்களைச் சிதைப்பது) அறவே இல்லை. அது மிக அரிதான நிலை. அதே மரபணுவின் மந்தமாக வேலை செய்யும் வடிவமோ, ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உண்டு. அத்தனை பேரும் கத்தியைத் தூக்கிக்கொண்டா அலைகிறார்கள்?

2002-இல் உளவியலாளர்கள் காஸ்பி, மோஃபிட் குழுவினர் நியூசிலாந்தின் டனீடின் நகரில் பிறந்தவர்களைக் குழந்தைப் பருவம் முதல் தொடர்ந்து கவனித்த தரவுகளை அலசினார்கள். மந்த வடிவம் கொண்டிருந்து, சிறுவயதில் அடி உதை, புறக்கணிப்பு போன்ற கொடுமைகளுக்கும் ஆளானவர்களிடம்தான் பின்னாளில் வன்முறை தூக்கலாகத் தெரிந்தது. அதே மரபணு இருந்தும் ஒழுங்காக வளர்க்கப்பட்டவர்களிடம் அப்படித் தெரியவில்லை. கட்டுரை இதை ஏன் விட்டுவிட்டது? (தலைப்பின் கவர்ச்சி குறைந்துவிடும் என்பதாலோ என்னவோ!) அதன் பிறகு வந்த ஆய்வுகள் எல்லாமே இதே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று. கனடாவின் குழந்தை வளர்ச்சி ஆய்வாளர் ரிச்சர்ட் டிரெம்ப்ளே காட்டியபடி, மனிதர் அதிகம் அடிப்பதும் கடிப்பதும் தள்ளுவதும் இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள். பெரும்பாலான குழந்தைகள் பிறகு அடக்கப் பழகிக்கொள்கின்றன. ஆகவே 'வன்முறை எங்கிருந்து வருகிறது' என்பதைவிட, சிலருக்கு மட்டும் அந்த அடக்கம் ஏன் கைகூடவில்லை என்று கேட்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அடுத்த பகுதியில் கட்டுரையாளர் அதைத் தொடுவாரா?