தாயின் நடத்தைக்குப் பிள்ளையிடம் கணக்குக் கேட்காதீர்கள்

எங்கள் கோவில் பங்கில் உதவி பெறும் பிள்ளைகளின் பட்டியல் தயாராகும்போதெல்லாம் எங்கள் ஆட்கள் நீதிபதிகளாகி விடுகிறார்கள். இலங்கையின் வடக்கே, போர் தின்ற இந்த வன்னியில் இது எந்த ஊருக்கும் புதிதில்லை. "அந்தப் பிள்ளைக்கு வேண்டாம், தகப்பன் கசிப்புக் குடிக்கிறவர்." "அவ ரெண்டாந்தாரமாப் போனவ." "பூசைப் பக்கமே காணுறேல்லை." "டச் போன் வைச்சிருக்கிறா, அவவுக்கு என்ன கஷ்டம்?" இப்படி ஒவ்வொரு பெயராக வெட்டிக்கொண்டு போனால் கடைசியில் மிஞ்சுவது எங்களுக்குப் பிடித்த வீட்டுப் பிள்ளைகள்தான்.

முதலில் அந்தப் போன் கதையை முடித்துவிடுகிறேன். 2020, 2021இல் கொரோனாவுக்குப் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது பாடம் முழுக்க வட்ஸ்அப்பில்தான் வந்தது. கச்சான் பிடுங்கப் போன கூலியைச் சேர்த்துத் தவணைக்குப் போன் வாங்கிக் கொடுத்த தாய்மாரை எனக்குத் தெரியும். பிள்ளை படிக்கவேண்டும் என்று வாங்கிய அதே போனைக் காட்டித்தான் இன்றைக்கு அந்தப் பிள்ளைக்குக் கொப்பி இல்லை என்கிறோம்.

சரி, நாங்கள் இவ்வளவு சுலபமாகத் தீர்ப்பிடும் இந்தத் தாய்மார் யார்? இப்போது பத்து வயதில் இருக்கும் பிள்ளை போர் முடிந்து பல வருடம் கழித்துப் பிறந்தது. அதன் தாய்க்கு 2009இல் பதின்மூன்று, பதினான்கு வயது இருந்திருக்கும். போரின் கடைசி மாதங்களில் மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று பங்கருக்குப் பங்கர் ஓடி, வட்டுவாகல் பாலம் கடந்து, இடம்பெயர்ந்தவர்களை அடைத்த செட்டிகுளம் முகாமில் ஒரு கூடாரத்துக்குள் வந்து விழுந்த வயது. புத்தகம் தூக்கவேண்டிய காலத்தில் தண்ணீர் வரிசையில் வாளி தூக்கி நின்றவள். அவளுக்குக் கொஞ்சம் மூத்தவர்கள் பலரை, இயக்கம் போருக்கு ஆள்பிடித்ததற்குப் பயந்து பெற்றவர்களே பதினாறு, பதினேழு வயதில் அவசர அவசரமாகக் கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் கலியாணங்களில் எத்தனை நிலைத்தன என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கு "புருசனை விட்டவ" என்று நாங்கள் வெட்டுகிற பெயர்களில் இவர்களும் இருக்கிறார்கள். அன்றைக்குக் கட்டிவைத்த பெரியவர்களும் நாங்கள்தான், இன்றைக்கு ஒழுக்கம் விசாரிக்கிற பெரியவர்களும் நாங்கள்தான்.

மூத்த வகுப்புப் பிள்ளைகள் சிலரின் வீட்டில் வேறொரு சிக்கல். ஒரு உதவி நிறுவனத்தின் படிவத்தில் தந்தை உயிருடன் இருக்கிறார், இறந்துவிட்டார் என்று இரண்டே இரண்டு பெட்டி. 2009 மே மாதம் தன் கையாலேயே புருசனை இராணுவத்திடம் ஒப்படைத்துவிட்டு வந்த மனுசி எந்தப் பெட்டியில் கீறுவாள்? கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20இல் போராடத் தொடங்கியதே, 'செத்துப்போனார் என்று எழுதி வாங்கிக்கொண்டு போ' என்பதை ஏற்கமாட்டோம் என்றுதான். அந்தத் தாய் இரண்டு பெட்டியையும் வெறுமையாக விட்டாள். வந்திருந்த உத்தியோகத்தர் படிவத்தின் ஓரத்தில் 'விபரம் தர மறுக்கிறார்' என்று எழுதினார். பேனையை மூடிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பிள்ளையின் விண்ணப்பம் அதோடு முடிந்தது.

பூசைக்கு வராதவர்கள், வேறு சமயத்தவர்கள் என்று வெட்டுபவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். லூக்கா நான்காம் அதிகாரத்தை ஒருக்கால் எடுத்து வாசியுங்கள். இயேசு சொந்த ஊரான நாசரேத்துச் செபக்கூடத்தில் நிற்கிறார். எலியா காலத்துப் பஞ்சத்தில் இஸ்ரயேலில் எத்தனையோ கைம்பெண்கள் இருந்தார்கள், ஆனால் எலியா அனுப்பப்பட்டது சீதோன் நாட்டுச் சாரிபாத்துக் கைம்பெண்ணிடம் என்கிறார். அவள் வேற்று இனத்தவள். அதைக் கேட்ட சனம் அவரை மலை விளிம்புக்கு இழுத்துக்கொண்டு போய்த் தள்ளப் பார்த்தது. இவ்வளவு நேரமும் அவருடைய வாயிலிருந்து வந்த அருள்மொழிகளை வியந்துகொண்டிருந்த அதே சனம்தான். எங்கள் பட்டியல் கூட்டங்களில் இருந்து பார்த்தால் அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று நன்றாக விளங்கும்.

இதில் கத்தோலிக்கர், மற்றக் கிறிஸ்தவச் சபைக்காரர் என்ற வித்தியாசமும் இல்லை. ஞாயிறு ஆராதனைக்கு வந்தால்தான் சத்துமாப் பை என்று சொன்ன சபையும் உண்டு, மறைக்கல்விக்கு வந்த நாள் எண்ணிப் பார்த்துச் சப்பாத்துக் கொடுத்த பங்கும் உண்டு. இந்தப் பக்கம் மடு மாதாவிடம் ஆவணித் திருவிழாவுக்கு எத்தனை சைவச் சனம் நேர்த்தி வைத்து வருகிறது! மாதா எந்தச் சமயம் என்று கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

அடுத்தது போட்டோ. புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்பும் காசில்தான் இங்கே பாதிப் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை கிடைக்கிறது, அதை யாரும் மறுக்க முடியாது. தகப்பனின் ஆண்டுத் திவசத்துக்கோ மகளின் பிறந்தநாளுக்கோ ஊர்ப் பிள்ளைகளை நினைப்பது நல்ல மனம். ஆனால் போன மாசியில் ஒரு நிகழ்வில் பார்த்தேன். பையின் முன்பக்கம் முழுக்க இறந்தவரின் படம், பிறந்த திகதி, இறந்த திகதி, கீழே 'ஞாபகார்த்தமாக' என்று. பொலித்தீன் உறையைக் கழற்றவேண்டாம், படம் பளிச்சென்று விழாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. படம் கமராவுக்குத் தெரிய நெஞ்சோடு பிடி, இன்னும் மேலே தூக்கு, சிரி. மூன்றாம் வகுப்புப் பெடியன் ஒருவன் பையைத் திருப்பி, படம் தன் வயிற்றுப் பக்கம் வரப் பிடித்தான். ஒருவர் வந்து திருப்பிவிட்டார். அவன் மறுபடியும் திருப்பினான். இனி அவன் வருடம் முழுக்கத் தெரியாத ஒருவரின் மரண அறிவித்தலை முதுகில் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போகவேண்டும். பின்வாங்கில் இருக்கிற பெடியள் சும்மா விடுவார்களா?

வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியவேண்டாம் என்றவரின் பெயரில்தான் இவ்வளவும் நடக்கிறது. அந்த வசனத்தைக் கொடுப்பவரின் தாழ்மைக்கு என்றுதான் பிரசங்கத்தில் சொல்வார்கள். எனக்கென்றால் அது வாங்குகிறவரின் மானத்துக்கும் சேர்த்துச் சொன்னதாகவே படுகிறது.

அப்ப ஒன்றும் விசாரிக்கக்கூடாதா, கண்ணை மூடிக்கொண்டு அள்ளிக்கொடுப்பதா என்று கேட்பீர்கள். விசாரிக்கத்தான் வேண்டும், இப்போது விசாரிப்பதைவிடக் கூடவும் விசாரிக்கவேண்டும். குடிக்கிற தகப்பன் கையில் காசைக் கொடுப்பது அன்பில்லை, அசட்டைத்தனம். ஒரே பிள்ளையின் பெயரில் மூன்று இடத்தில் வாங்கி இடையில் நிற்கும் ஆள் விழுங்கும் கதைகளும் எனக்குத் தெரியும். அதைவிட முக்கியம், உதவி என்று சொல்லிக்கொண்டு பிள்ளைகளை நெருங்குகிற பெரியவர்கள் யார் யார் என்பது. தகப்பன் இல்லாத பெண்பிள்ளையின் படம், பெயர், ஊர், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் ஒரே பதிவில் முகநூலில் போட்டு 'உதவுங்கள் உறவுகளே' என்று எழுதுகிறார்கள். அந்த விலாசத்தை வைத்துக்கொண்டு யார் எந்த எண்ணத்தோடு போய்ப் படலையைத் தட்டுவான் என்று யாராவது யோசித்தார்களா? பிள்ளைக்கு ஏதும் நடக்கிறது என்று சந்தேகம் வந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அடிக்கலாம். தாயின் நடத்தையைத் துருவுகிற எங்கள் ஆட்களில் எத்தனை பேருக்கு இந்த இலக்கம் தெரியும்?

தாய் உயிரோடு இருக்கப் பிள்ளையை விடுதியில் சேர்த்துவிட்டு அதை உதவிக் கணக்கில் எழுதுவதும் இந்த வகைதான். வறுமைதான் காரணம் என்றால் விடுதிக்குப் போகும் காசில் ஒரு பங்கை வீட்டுக்குக் கொடுத்தாலே பிள்ளை தாயோடு இருக்கும். "அந்தத் தாயோடு இருந்தால் பிள்ளை கெட்டுப்போகும்" என்று உடனே ஒருவர் சொல்வார். மறுபடியும் தீர்ப்பு!

நல்ல சமாரியன் கதையில் எல்லோரும் காயம் கட்டியதோடு நிறுத்திவிடுகிறோம். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வருவது. அடுத்த நாள் சாவடிக்காரனிடம் இரண்டு தெனாரியத்தைக் கொடுக்கிறான். அந்தக் காலத்தில் ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். கள்ளர் திரியும் பாதையில் ஏன் தனியே போனாய் என்று அடிபட்டவனிடம் ஒரு கேள்வி இல்லை. இடத்தில் இருக்கும் ஆளை நம்பிக் காசைக் கொடுக்கிறான், கணக்கைத் திறந்தே விடுகிறான், திரும்பி வருவேன் என்கிறான். விசாரிக்கத் தெரிந்த ஆளின் வேலை அது.

எங்கள் ஊர்களுக்கும் அப்படித்தான் தேவை. பாடப்புத்தகத்தையும் சீருடைத் துணியையும் அரசாங்கம் தருகிறது. பிள்ளைகள் இடையில் நிற்பது பஸ் காசிலும் ரியூசன் காசிலும் கொப்பி விலையிலும்தான், அதுவும் 2022 நெருக்கடிக்குப் பிறகு கொப்பி விலை தெரியும்தானே. ஆகவே வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கிறவர்களிடம் கேட்கிறேன். நூறு பைக்குப் பதிலாக நாலு பிள்ளைகளின் பஸ் சீசன் ரிக்கற்றை ஓ.எல். சோதனை முடியும்வரை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் புத்தகக்கடையில் ஒரு கணக்குத் திறந்து விடுங்கள், பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலக் கடைக்குப் போய்த் தனக்குப் பிடித்த மட்டை போட்ட கொப்பியை எடுக்கட்டும். போட்டோ கேட்காதீர்கள், கடை ரசீது கேளுங்கள். இடையில் நிற்கிற ஆளுக்கு ரசீது அனுப்ப மனமில்லை என்றால், அந்த ஆளை நன்றாக விசாரியுங்கள்.